தாய்மாமன் வந்த கப்பல்

— தனியா வந்த ஆளுதானடி, எவன் வந்து கேக்கப் போறான்னு நெனச்சேன். நூறு வருசத்துக்கு அப்புறம் கேப்பாங்கன்னு நான் கண்டனா?

— கேட்டுட்டாங்கக்கா. புருஷோத்தமன் சார் பாண்டி வம்சாவளி ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. நான் எடுக்கல. பத்து மணிக்கு மறுபடி பண்றேன்னு மெசேஜ் போட்டிருக்காரு. 'செல்வி, அந்தத் தாய்மாமனுக்கு ஆதாரம் எடுத்து வை'ன்னு.

— தாய்மாமனுக்கு இன்னாத்துக்கு ஆதாரம்? எங்க அண்ணன் எனக்கு அண்ணன்னு எந்த ஆபீஸ்ல எழுதி வச்சிருக்குது, நான் கேக்குறேன்?

— அமெரிக்காக்காரங்களுக்குப் பேப்பர் வேணும்க்கா.

— கப்பல் பேப்பர் இருக்குதே. அதக் காட்டு.

— அதுலதான் இல்லையே. ஐயோ மாதாவே, நல்லாக் கேளுங்க. 1909-ல போலந்துப் பக்கம் ஒரு ஊருல இருந்து கெளம்பி, ஹாம்பர்க்ல கப்பலேறி நியூயார்க் போன ஜனங்க லிஸ்ட்டு இது. பதினேழாவது வரியில ஆகத்தா. புருஷன் செத்தவ. அதுக்குக் கீழ மூணு வரி, அவளோட மூணு புள்ளைங்க. கடைசி கைக்கொழந்த. இருபத்தோராவது வரியில ஸ்தனிஸ்லாஸ். கல்யாணம் ஆகாதவரு. கூட வர்றவங்கன்ற எடத்துல வெறும் கோடு. அவருக்கும் ஆகத்தாவுக்கும் ஒரு பொட்டு ஒட்டு இல்ல. அவர ஆகத்தாவுக்கு அண்ணன்னு நாமதான் ஒட்டி வச்சோம்.

— 'நாம'ன்னு சொல்லாத. கம்ப்யூட்டர்ல தட்டினது நீ.

— தட்டச் சொன்னது நீங்க. நான் செவனேன்னு அந்தக் கட்டத்தக் காலியா விட்டுட்டுப் போயிருப்பேன். உப்பளத்துல மழத்தண்ணி ஏறிடுச்சு, தை மாசம் வரைக்கும் வேல இல்லன்னு தெனம் இங்க வந்து உக்காந்தது யாரு?

— உனக்குத் தொணைக்கு வந்தேன். ஒண்டியா குந்திக்கினு செத்தவங்க பேரா எழுதிக்கினு இருக்கறியேன்னு. அது போவட்டும். ஒரு பொம்பள, மூணு புள்ளைங்கள இட்டுக்கினு கடல் தாண்டிப் போறா. பொறந்த வூட்டுல இருந்து ஒரு ஆம்பள கூட வராம அனுப்புவாங்களா? தாய்மாமன் இல்லன்னா அந்தப் புள்ளைங்களுக்கு யாரு மடியில வச்சுக் காது குத்துவா?

— அவங்க காதே குத்த மாட்டாங்கக்கா.

— அதான் சொல்றேன். மாமன் இல்ல, குத்தல.

— சரி, கப்பல்ல இருந்த நானூறு பேருல இவரையே ஏன் புடிச்சீங்க?

— அவரு இன்னா வேல செஞ்சவருன்னு நீதான படிச்சுக் காட்டின.

— உப்பு வேலன்னு.

— அவ்ளோதான். உப்புல வேல செய்யறவன் கூடப் பொறந்தவள நட்டாத்துல வுட மாட்டான். முப்பத்தஞ்சு வருசம் பாத்தியில கால் வெந்தவ சொல்றேன், எனக்குத் தெரியாதா?

— அந்தக் காலு வெந்த கத இப்ப எங்க வந்து நிக்குது பாருங்க. நாம ஒட்டின ஒடனே கம்ப்யூட்டர் தானா அந்த ஸ்தனிஸ்லாஸோட பேரன் வால்டருக்கு மெசேஜ் அனுப்பிடுச்சு. சார் கூப்புடறதுக்குள்ள அவரோட மெயில் எல்லாத்தையும் அழிச்சிடறேன். கஸ்டமருக்கு நேரா பதில் எழுதக் கூடாதுன்னு சேரும்போதே கையெழுத்து வாங்கினாங்க. வேல போச்சுன்னா மறுபடி உப்புக் கூடை தூக்கணும் நானு.

— அழி. அழிக்கறதுக்கு முன்ன வால்டரோட மொதக் கடுதாசிய ஒருவாட்டி படி. அந்த ஆளு எழுதறது எனக்குப் புடிக்கும்.

— நேரம் இல்லக்கா.

— படி, இன்னா இப்ப. பத்துக்கு இன்னும் ஏழு நிமிசம் இருக்குது.

— 'அன்புள்ளவர்களுக்கு, எனக்கு எழுபத்தேழு வயசு. கான்சாஸ்ல உப்புச் சுரங்கத்துல நாப்பது வருசம் வேல பாத்தேன். போலந்துல இருந்து வந்த எங்க தாத்தா ஸ்தனிஸ்லாஸும் அதே சுரங்கத்துலதான் இருந்தாரு.'

— பூமிக்கு அடியில உப்பு வெட்டறாங்களாம். வெயிலே படாம உப்பு. நெனச்சுப் பாரு.

— கேளுங்கக்கா. 'என் மனைவி போயி ஒம்பது வருசம் ஆச்சு. புள்ளைங்க இல்ல. அவசரத்துக்கு யாரைக் கூப்புடணும்னு ஆஸ்பத்திரி ஃபாரத்துல கேட்டா, என் நாய்க்கு ஊசி போடற டாக்டர் நம்பர எழுதுவேன். நாயும் போன வருசம் செத்துப் போச்சு. நேத்து உங்க கம்பெனியில இருந்து ஒரு மெசேஜ் வந்துது, சிகாகோவுல உங்களுக்கு நூத்தி நாப்பது சொந்தக்காரங்க இருக்காங்கன்னு. நான் ராத்திரி பூரா தூங்கல. இது நிஜமா, தவறி வந்துடுச்சான்னு மட்டும் சொல்லுங்க.'

— இத படிச்சுட்டு எவளால தவறி வந்துடுச்சுன்னு எழுத முடியும்? நெஞ்சுல கை வச்சுச் சொல்லு.

— முடியல. எனக்கும்தான் அழுக வந்துது. அதுக்காக நிஜம்னு எழுதினதோட நிறுத்தியிருக்கலாம். நீங்க சீர் வரிசை வரைக்கும் போயிட்டீங்க.

— முதமுதல்ல தங்கச்சி வம்சத்தப் பாக்கப் போறான், தாய்மாமன் வூட்டு ஆளு. வெறுங்கையோட போவானா? ஏழு தட்டுன்னேன். உப்பு மொதல்ல, அப்புறம் மஞ்சள், பழம், வளையல், கண்ணாடி, சீப்பு, பொடவ. நாயம்தான?

— நாயம்தான். சிகாகோ பார்க்குல ஆகத்தா குடும்பம் மொத்தமும் கூடியிருக்கறப்ப, எழுபத்தேழு வயசு மனுசன் ஏழு தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையா நடந்து போயிருக்காரு. சமையல் காண்ட்ராக்ட் ஆளுன்னு நெனச்சு பழத்தட்ட வாங்கித் தின்னுட்டாங்க. பொடவ கெடைக்காம மேசத் துணிய மடிச்சு வச்சிருந்தாரே, அத எடுத்து விரிச்சு மேலயே சாப்பிட்டிருக்காங்க.

— ஆனா ஹெலன் வாங்கி வச்சுக்கினா இல்ல, உப்ப?

— அவங்க மட்டும்தான் என்னா ஏதுன்னு கேட்டிருக்காங்க. ஆகத்தாவோட கைக்கொழந்த இருந்துச்சே, அந்தக் கொழந்தையோட பொண்ணுதான் ஹெலன். எழுபத்தஞ்சு வயசு, ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க. நம்மகிட்ட வம்சாவளி எடுத்துக் குடுங்கன்னு கேட்டதே அவங்கதான்.

— ஒண்டிக்கட்ட.

— ஒண்டிக்கட்டன்னு தெரிஞ்சுக்கினு, உடனே 'அவ உனக்கு மொறப்பொண்ணு'ன்னு எழுதச் சொன்னீங்களே, அங்கதான் ஆரம்பிச்சுது.

— மொறப்பொண்ண மொறப்பொண்ணுன்னுதான் சொல்லணும். வால்டரோட தாத்தா, ஹெலனோட ஆயாவுக்கு அண்ணன். அப்ப வால்டரு அப்பனும் ஹெலன் அப்பனும் மாமன் மவன், அத்த மவன். மச்சானுங்க. மச்சான் பொண்ணு புள்ளைக்கு முற. சின்னப் புள்ள கூடச் சொல்லும்.

— முறன்னா இன்னான்னு அவரு திருப்பிக் கேட்டாரு. அதுக்கு நீங்க சொன்னத அப்படியே போட்டேன். 'கட்டிக்க உரிம உள்ளவ. கட்டலன்னா அவங்க வூட்டுல கோவிச்சுக்குவாங்க.'

— உண்மதான. எங்க வூட்டுல கோவிச்சுக்கினாங்க.

— அந்த மனுசன் பயந்து போயி ஹெலன்கிட்ட காட்டியிருக்காரு. அவங்க விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. சிரிச்சவங்க மறுநாளு போன் பண்ணியிருக்காங்க. அதுக்கு மறுநாளும். இப்ப வர்ற சனிக்கிழம கல்யாணம். அக்கா, போனு. சார்தான்.

— எடு. ஸ்பீக்கர்ல போடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— ஹலோ, சொல்லுங்க சார்.

— செல்வி, ஒன் மினிட், ஹெட்போன் மாட்டிக்கறேன். ம். எத்தன தடவம்மா கூப்புடறது? மரக்காணத்துல டவர் இல்லையா, இல்ல மனசு இல்லையா?

— மழை சார். கரண்ட்டு வந்து வந்து போவுது.

— சரி, பாயிண்ட்டுக்கு வர்றேன். ஹெலன் குடும்பத்து ட்ரீ. ஆகத்தாவோட அண்ணன்னு ஸ்தனிஸ்லாஸ சேத்திருக்க. சோர்ஸ்ன்ற கட்டத்துல, நான் படிக்கறேன், 'வழக்கம்'னு எழுதியிருக்க. வழக்கம்னா எந்த ரெக்கார்டும்மா? சர்ச் ரிஜிஸ்டரா?

— அது வந்து சார்.

— பேசிக்கலி நான் உன்ன நம்பித்தான் இந்த ஃபேமிலிய குடுத்தேன். மொத வாரம் நீ பண்ணதையே நான் மேல சொல்லாம மறச்சேன். ஞாபகம் இருக்கா? நாப்பத்தோரு பொண்டாட்டிங்கள அவங்கவங்க புருஷனுக்குத் தங்கச்சின்னு போட்டுட்ட.

— பேருக்குப் பின்னாடி ரெண்டு பேருக்கும் ஒரே பேரு இருந்துச்சு சார். அப்பா பேருன்னு நெனச்சேன். ஒரே அப்பான்னா அண்ணன் தங்கச்சிதான.

— அங்க கல்யாணம் ஆனா புருஷன் குடும்பப் பேர வச்சுக்குவாங்கன்னு டிரெயினிங்ல ரெண்டு நாள் சொன்னேன். சரி, அத விடு. இப்ப அதவிடப் பெருசு. கஸ்டமர் அனுப்பின லெட்டர்ல, 'உங்கள் நிறுவனத்தின் மூத்த முறை நிபுணர் அம்சவல்லி அவர்களுக்கு நன்றி'ன்னு இருக்கு. நான் ஹெச்.ஆர்ல விசாரிச்சேன். அப்படி ஒரு ஆளே நம்ம கம்பெனியில இல்ல. யாரு இந்த அம்சவல்லி?

— அது சார், பக்கத்து வூட்டு அக்கா.

— பக்கத்து வூடா? அமெரிக்கா கஸ்டமருக்கு பக்கத்து வூடு பதில் எழுதுச்சா? அவங்க என்ன படிச்சிருக்காங்க?

— எட்டாவது வரைக்கும் தம்பி. படிச்சது இருக்கட்டும், நான் சொன்னதுல இன்னா தப்பு, நான் கேக்குறேன்?

— யாரும்மா லைன்ல?

— நான்தான் நிபுணரு.

— ஐயோ மாதாவே. அக்கா, வாயத் தொறக்க மாட்டேன்னீங்களே.

— எவ்ளோ நேரம் மூடிக்கினு இருக்கறது? புள்ளையப் போட்டு மெரட்டறாரு.

— நான் யாரையும் மெரட்டலம்மா. ஒரே ஒரு கேள்வி. செல்வி, நீ சொல்லு, ஸ்தனிஸ்லாஸ் ஆகத்தாவுக்கு அண்ணன்னு உன்கிட்ட ஒரு துண்டுப் பேப்பராவது இருக்கா, இல்லையா?

— இல்ல சார்.

— ஒண்ணு கூடவா?

— ஒண்ணு கூட இல்ல. அந்த அம்மாவுக்குத் தாய்மாமன் வேணும்னு நாங்களா சேத்தோம். அவரும் தனியா வந்தாரு, உப்பு வேலக்காரரு, பக்கத்து வரியில இருந்தாரு. பாவமா இருந்துச்சு சார். எங்க அக்கா மேல தப்பு இல்ல, தட்டினது நான்தான். வேலையில இருந்து எடுக்கறதுன்னா எடுத்துடுங்க. ஆனா அந்த வால்டர் தாத்தாகிட்ட மட்டும் பொய்யின்னு சொல்லிடாதீங்க. சொந்தம் கெடச்சுதுன்னு வூட்டு வாசல்ல லைட்டு போட்டிருக்காராம். அவருக்கு இப்ப யாரும் இல்லன்னு எப்படி சார் சொல்றது? எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல.

— அழாதம்மா. ஒன் மினிட், அழாத. இப்ப நான் என்ன பண்றது? உன்ன எடுத்தா என்னையும்தான் எடுப்பாங்க, ட்ரீய செக் பண்ணதுன்னு என் பேருதான் இருக்கு. அவங்க வேற கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் எச்சில் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க. நம்ம ட்ரீயோட ஒத்துப் போகலன்னு ஒரு கேள்வி. அதுக்குத்தான் ஆதாரம் கேட்டேன்.

— எச்சில் டெஸ்ட்டா? எச்சில்ல இன்னா தெரியும்?

— டி.என்.ஏம்மா. ஒரு ட்யூப்ல துப்பி அனுப்பினா யாரு யாருக்குச் சொந்தம்னு சொல்லிடுவாங்க.

— சோசியக்காரன விட சுலுவா இருக்குதே.

— போச்சு. மொத்தமாப் போச்சு. ஒட்டு உறவே இல்லன்னுதான போட்டிருக்கும்?

— நான் இன்னும் முழுசாப் படிக்கல. காலையில வந்துது. நாலு பக்கம். ஒன் மினிட், கீழ போறேன். இரு, இரு. செல்வி.

— சொல்லுங்க சார்.

— 'இருவரும் நெருங்கிய ரத்த உறவினர்'னு இருக்கு.

— என்னா சார்?

— ரத்த உறவினர். வால்டரும் ஹெலனும். கட்டம் போட்டு, சிவப்பு எழுத்துல. சந்தேகத்துக்கு எடமே இல்லங்கறான்.

— நான் சொல்லல? நான் சொல்லல? எங்கியோ இருக்கறவன், எந்தக் காலத்துலயோ கப்பலேறினவன், பேரப் பாத்த ஒடனே மாமன்னு சொன்னேன். எட்டாவது படிச்சவ. தம்பி, அந்த நிபுணருன்றத அப்படியே வுட்டுடுங்க.

— அக்கா, நெசமாவா? நெசமாவே அண்ணனா அவரு? வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன் மாதாவே.

— பேசிக்கலி நம்ம மூணு பேரும் பொழச்சோம். சோர்ஸ்ல 'வழக்கம்'ன்றத எடுத்துட்டு டி.என்.ஏன்னு போடு. ஒன் மினிட். அப்ப எதுக்கு ட்ரீயோட ஒத்துப் போகலன்னு கேள்வி கேட்டான்?

— படிங்க சார், கீழ இருக்கும்.

— 'உங்கள் வரைபடப்படி இவர்கள் தூரத்து உறவு. பரிசோதனைப்படி அப்படி அல்ல. இருவருக்கும் தாத்தா ஒருவரே. பாட்டிகள் வேறு வேறு.' அப்படின்னா, வால்டருக்கு ஸ்தனிஸ்லாஸ் தாத்தா. ஹெலனுக்கும் அவரே தாத்தா. அந்தக் கைக்கொழந்தைக்கு, அதாவது ஹெலனோட அப்பாவுக்கு, ஸ்தனிஸ்லாஸ்தான் அப்பா.

— ஆகத்தாவோட அண்ணன் எப்படி சார் ஆகத்தாவோட புள்ளைக்கு அப்பா ஆவாரு? அண்ணன் இல்லியா அப்ப?

— அண்ணன் இல்லம்மா. எப்படிச் சொல்றது. தெரிஞ்சவரு. ரொம்பத் தெரிஞ்சவரு. சேந்துதான் வந்திருக்காங்க, லிஸ்ட்டுல தனித்தனியா எழுதிக் குடுத்திருக்காங்க. அப்புறம் அங்க போயி என்னாச்சோ, இந்தம்மா சிகாகோ போயிட்டாங்க, அவரு கான்சாஸ் போயி வேற கல்யாணம் பண்ணியிருக்காரு. அது நமக்கு வேணாம். நமக்கு வேணுங்கறது ரத்த உறவு. இருக்கு. அவ்ளோதான்.

— அக்கா, வெரல் வுட்டு என்னா எண்ணறீங்க?

— அம்மா, லைன்ல இருக்கீங்களா?

— முறைக் கணக்கு போட்டுக்கினு இருக்காங்க சார். அக்கா, என்னா?

— தங்கச்சின்னு நெனச்சு ஆகத்தாவ அவங்கூட அனுப்பி வச்சேனே, பாவி.

— அது போவட்டும்க்கா, நூறு வருசம் ஆச்சு. சொந்தம்னு ஆயிடுச்சு இல்ல.

— இன்னா சொந்தம்? அத யோசிச்சியா? வால்டரு அப்பனும் ஹெலன் அப்பனும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்க. மச்சானுங்க இல்லடி. அண்ணன் தம்பி. பங்காளி. பெரியப்பன் பொண்ணு, சித்தப்பன் புள்ள. கூடப்பொறந்த மாதிரி. மொறப்பொண்ணுன்னு என் வாயால சொன்னேனே. அண்ணன் தங்கச்சிக்கு இல்ல கல்யாணம் மூட்டி வுட்டிருக்கேன்.

— அம்மா, அமெரிக்காவுல அதெல்லாம் பாக்க மாட்டாங்க. இப்பதான் கம்ப்யூட்டர்ல சட்டத்தத் தட்டிப் பாத்தேன். ஹெலன் இருக்கற இல்லினாய் மாநிலத்துல சித்தப்பா பெரியப்பா புள்ளைங்க கூட கட்டிக்கலாம், ரெண்டு பேருக்கும் அம்பது வயசு தாண்டியிருந்தா.

— அம்பது தாண்டினா அண்ணன் தங்கச்சி இல்லன்னு ஆயிடுமா? எனக்கு அம்பத்தி நாலு. போன மாசம் எங்க அண்ணன் தீவாளி வரிச குடுத்துட்டுப் போனான். இப்ப அவன் யாரு எனக்கு?

— அக்கா, சட்டம் ஒத்துக்குது. அவங்களும் ஒத்துக்குவாங்க. நாம எதுக்கு இப்ப?

— நாமதான. நாமதான எழுதினோம். எங்க நாத்தனா மவ கல்யாணத்த, பத்திரிக அடிச்ச பொறவு, முற தப்புதுன்னு நிறுத்தினவ நானு. இன்னிக்கி வரைக்கும் அவ என்கூட பேசறதில்ல. சொந்தத்துல ஒரு நாயம், சிகாகோவுக்கு ஒரு நாயமா?

— அம்மா, நீங்க என்ன சொன்னாலும் அவங்க கல்யாணம் நடக்கப் போவுது. கவலப்படாதீங்க. ஒன் மினிட். அட, ரிப்போர்ட்டுக்குப் பின்னாடி வால்டர் ஒரு லெட்டர் வச்சிருக்காரு. அம்சவல்லி மேடத்துக்குன்னு.

— எனக்கா? படிங்க தம்பி.

— 'அன்புள்ள மேடம், டெஸ்ட் ரிசல்ட்ட வச்சுக்கிட்டு நீங்க சொல்லிக் குடுத்த கணக்க மேச மேல காயின் வச்சுப் போட்டுப் பாத்தேன். மூணு தடவ போட்டேன். ஹெலன் எனக்குத் தங்கச்சின்னுதான் வருது. ஹெலன், இங்க யாரும் இத பாக்க மாட்டாங்கன்னு சொல்றா. பாதிரியாரும் அதேதான் சொல்றாரு. ஆனா என்னத் தேடிப் புடிச்சு இந்தக் குடும்பத்துல சேத்தது பாதிரியார் இல்ல, நீங்க. நீங்க சரின்னு சொல்லாம நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன். தப்புன்னா சொல்லிடுங்க. தனியா இருந்து எனக்குப் பழக்கம்தான். வாசல்ல போட்ட லைட்ட மட்டும் எடுக்க மனசு வரல.'

— ஐயோ.

— அம்மா, சனிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. நான் என்ன பதில் போடறது?

— அக்கா, சரின்னு சொல்லிடுங்கக்கா. ஒரே ஒரு வார்த்த. உங்க கால்ல விழறேன். அந்த மனுசன மறுபடி நாய் டாக்டர் நம்பர எழுத வச்சிடாதீங்க.

— சும்மா இரு. பொய் சொல்லி ஒருவாட்டி ஒட்டினது போதும். எச்சில் வரைக்கும் போயி மானம் போச்சு. முற தப்புன்னா தப்புதான், நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

— அக்கா.

— தப்பு தப்புதான்.

— அப்ப நிறுத்தச் சொல்லி எழுதிடட்டுமா? செல்வி, நீயே எழுதும்மா. எனக்கு வரல.

— என்னாலயும் முடியாது சார்.

— இருங்க ரெண்டு பேரும். தம்பி, ஹெலனுக்கு அம்மா அப்பா இருக்காங்களா?

— எழுபத்தஞ்சு வயசும்மா அவங்களுக்கு. அம்மா அப்பா போயி முப்பது வருசம் இருக்கும்.

— பொண்ணக் கையில புடிச்சுக் குடுக்க யாரு இருக்கா?

— யாரும் இல்ல. தனியாத்தான் சர்ச்சுக்குள்ள நடந்து வரணும்.

— மூணும் ஆம்பளப் பசங்களாப் பெத்துட்டு, ஒரு பொண்ண ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கற பாக்கியம் எனக்கு இல்லன்னு எத்தினி நாளு அழுதிருக்கேன், உனக்குத் தெரியும் இல்ல செல்வி?

— தெரியும்க்கா. அதுக்கும் இதுக்கும் என்னா?

— கம்ப்யூட்டர் பொட்டியத் தொற. ஆகத்தா வம்சத்துல ஹெலனோட பேர் இருக்குது பாரு, அதுக்கு மேல போற கோட்ட அழி. எங்க ஊருல முற ஒத்து வரலன்னா பொண்ண வேற வூட்டுக்குத் தத்துக் குடுத்து முறைய மாத்திக் கட்டி வைப்போம்னு வால்டருக்கு வெவரமா எழுது. இன்னியில இருந்து ஹெலன் எம் பொண்ணு, வயசெல்லாம் பாக்காத, அம்மான்ற கட்டத்துல அம்சவல்லி, உப்பளம், மரக்காணம்னு போடு, சனிக்கிழம மாப்பிள்ளைய நேரத்தோட வரச் சொல்லி மாமியா சொன்னான்னு எழுது.